பல்லியின் பாதி முடிச்சு

“நானும் வர்றேன்,” என்றாள் அம்மா.

இரண்டே வார்த்தைதான். ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகள் மியூட் அதைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒரு கால் ஷூவுக்குள், மறு கால் வெளியே என்று வாசற்படியில் நின்றிருந்தாள். அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். காக்கி பேன்ட், காக்கிச் சட்டை, கழுத்தில் விசில்.

“எங்கம்மா?”

“நீ எங்க போறியோ அங்க. நாளைக்கு மலைக்குப் போறேங்கறே. கயித்துல தொங்கப் போறேங்கறே. பெத்தவ பார்க்க வேணாமா? இடம் எப்படி, ஆளுங்க எப்படி, கயிறு எப்படி? பார்ப்பேன். திருப்தியா இருந்தா போ. இல்லேன்னா அந்தப் பையை அவுத்துப் பரண்ல போட்டுட்டு வேற வேலையைப் பாரு.”

“அம்மா, அது...”

“என்ன முணுமுணுக்கறே? வாயைத் திறந்து சொல்லு.”

மியூட் வாயைத் திறந்தாள். மூடினாள். இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டாள்.

அம்மா நகரப் பேருந்தில் நடத்துநர். படியில் தொங்குபவனை ‘உள்ள வா’ என்று அவள் கூப்பிட்டால், பக்கத்து வண்டியில் தொங்குபவனும் பயந்துகொண்டு உள்ளே போய்விடுவான். அதே பேருந்துக்கு அப்பா ஓட்டுநர். வீட்டிலும் அதே ஏற்பாடுதான். ஒரு விசில் என்றால் நிற்பார். இரண்டு விசில் என்றால் கிளம்புவார். தானாக அவர் ஒரு வார்த்தை பேசி அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டதில்லை.

இந்தத் தம்பதிக்குப் பிறந்த ஒரே பெண், வாய் விஷயத்தில் அப்பாவைக் கொண்டு பிறந்துவிட்டாள்.

இருபத்திரண்டு வயது. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன்மேஜை வேலை. அடுத்தவர் பெயரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அவள் கூப்பிட்டால் மேஜையில் இருக்கும் பேனாவுக்கு மட்டும் கேட்கும். காலையில் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் மத்தியானம் வரை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த சம்பவங்கள் உண்டு. ஒருமுறை கம்ப்யூட்டரில் நடந்த மீட்டிங்கில் அவள் ஐந்து நிமிடம் பேசி முடித்ததும் மேனேஜர் சொன்னார்: “மியூட்ல இருக்கேம்மா, எடுத்து விடு.” அவள் மியூட்டில் இல்லை. அன்றிலிருந்து அதுவே பெயர்.

கயிறு கட்டிச் சுவர் ஏறப் பழகும் கூடத்துக்கு அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனவள் கொசு. அதே நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். பெயர்க்காரணம் விளக்க வேண்டியதில்லை. “இப்படியே குனிஞ்சு உட்கார்ந்திருந்தா, ஒரு நாள் உன்னைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையில போட்டுடுவாங்கடி. வா, வந்து ஏறு,” என்றாள்.

ஏறினாள். முதல் நாள் ஆள் உயரம் போய் அழுதாள். அடுத்த வாரம் இரண்டாள் உயரம் போய் அழுதாள். அதற்கடுத்த வாரம் அழ மறந்துவிட்டாள். மேலே எட்டாத தூரத்தில், சுவரில் பதித்த ஒரு பச்சைப் பிடி, அதை எப்படித் தொடுவது என்ற யோசனையில் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. அந்தச் சுவரில் யாரும் அவளை முந்திக்கொண்டு பதில் சொல்லவில்லை. பிடி கையில் சிக்கினால் சிக்கியது. சிக்காவிட்டால் விழுந்து, கயிற்றில் ஊஞ்சலாடி, மறுபடி ஏற வேண்டியதுதான்.

மாதங்கள் போகப் போக, சில சில்லறை விஷயங்கள் மாறின. படிக்கட்டில் எதிரே யார் வந்தாலும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் பழக்கம் போயிற்று. கடையில் காபி கேட்டு டீ வந்தபோது, “இது டீ,” என்று திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டதும் பயந்துபோய் அந்த டீயையே வாங்கிக் குடித்தாள் என்பது வேறு விஷயம். மொத்தத்தில், சுவரில் கிடைத்த தைரியம் அவளோடு கூடவே தெருவரை வந்தது. வீட்டு வாசலில், அம்மாவின் செருப்பைப் பார்த்ததும், ‘நீ உள்ளே போ, நான் இங்கேயே இருக்கிறேன்’ என்று நின்றுவிட்டது.

இப்போது மலை விவகாரம்.

நாளை விடியற்காலை கூடத்திலிருந்து வேன் கிளம்புகிறது. நிஜப் பாறை, நிஜ வானம். இருவர் இருவராகத்தான் போக முடியும். ஒருவர் ஏறும்போது மற்றவர் கீழே நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிப்பதற்குக் கூடத்தில் ஒரு தேர்வு. தேறினால் மணிக்கட்டில் நீலப் பட்டை கட்டுவார்கள். கொசு எப்போதோ கட்டிக்கொண்டாள். மியூட் இரண்டு முறை தோற்றிருந்தாள். காரணம் கையில் இல்லை, தொண்டையில். மேலே இருப்பவர் “பிடிச்சிருக்கியா?” என்று கேட்டால், கீழே இருப்பவர் “பிடிச்சிருக்கேன்!” என்று உச்சிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். அவள் சொன்னது உச்சிக்குப் போகவில்லை. பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது. தேர்வு நடத்தியவர் பதில் வரும் வரை சுவரிலேயே தொங்கி, கை மரத்து, “என்னம்மா, கீழ இருக்கியா, வீட்டுக்குப் போயிட்டியா?” என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

இன்று மூன்றாவது முயற்சி. பட்டை இல்லையென்றால் மலை இல்லை. பட்டை கிடைத்து அம்மாவுக்குத் திருப்தி இல்லையென்றாலும் மலை இல்லை.

பைக்குள் இருந்த போன் துடித்தது. கொசு அனுப்பியிருந்தாள்: ‘நான் ட்யூட்டியில. பாஸ் பண்ணிட்டு போன் பண்ணு. ஃபெயில்னா போன் பண்ணாதே, நேரா வந்து கையை நீட்டு. பெரிய ஊசி எடுத்து வச்சிருக்கேன்.’

*

கூடம் ஒரு பழைய கிடங்கு. தரையிலிருந்து கூரை வரை சாம்பல் நிறச் சுவர். அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று யாரோ மிட்டாயைப் பிய்த்து எறிந்த மாதிரிப் பிடிகள். நாளைப் பயணத்துக்கு மூட்டை கட்ட எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் மட்டும் ஒரு பாட்டு யாருக்காகவோ அலறிக்கொண்டிருந்தது.

வரவேற்பு மேஜையில் பபிள்கம். அந்தப் பெண் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பாள். சிரிக்க மாட்டாள். பட்டைகள் எல்லாம் அவள் இழுப்பறையில். அவளும் தேர்வு நடத்தத் தகுதி பெற்றவள். ஆனால் அவளிடம் போய் மாட்டிக்கொள்ள யாரும் விரும்புவதில்லை.

“இவங்க யாரு?” என்றாள் பபிள்கம்.

“அம்மா,” என்றாள் மியூட்.

“என்ன?”

“நான் இவ அம்மா!” என்றாள் அம்மா. பபிள்கம்மின் வாயில் ஊதியிருந்த முட்டை படாரென்று உடைந்தது.

அம்மா கூடத்தைச் சுற்றி வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். ஒரு பிடியைத் திருகிப் பார்த்தாள். தொங்கிய கயிற்றில் தன் முழு எடையையும் போட்டு ஒரு இழு இழுத்தாள். “பரவாயில்ல. கயிறு கெட்டிதான்,” என்றாள். மியூட்டுக்குப் போன உயிரில் கால்வாசி திரும்பி வந்தது.

அப்போது பல்லி வந்தான். கூடத்தின் தலைமைப் பயிற்சியாளன். சுவரில் ஏறினான் என்றால் ஈரத் துணி ஒட்டிக்கொண்ட மாதிரி ஒட்டிக்கொள்வான். கூரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாழைப்பழம் உரித்துத் தின்றதை மியூட்டே பார்த்திருக்கிறாள்.

“வா, வா. மூணாவது தடவை. இன்னைக்கு முடிச்சுடணும், சரியா?” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “வழக்கம்தான். ஏறிட்டே இருப்பேன், திடீர்னு எங்கயாவது ரெண்டு கையையும் விட்டுருவேன். எங்கன்னு சொல்ல மாட்டேன். நீ பிடிக்கணும். நான் கேக்கறதுக்குப் பதில் மேல வரைக்கும் வரணும்,” என்றான்.

மியூட் கயிற்றைத் தன் இடுப்புவாரில் மாட்டியிருந்த பிரேக்கில், அதாவது கயிற்றைக் கவ்வும் கருவியில், கோத்தாள். கயிறு அவளிடமிருந்து மேலே போய், கூரை அருகே இருந்த இரும்பு வளையத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் பல்லியின் கைக்கு வந்தது.

பல்லி முடிச்சுப் போட ஆரம்பித்தான். அதற்கு எட்டு முடிச்சு என்று பெயர். கயிற்றில் முதலில் எட்டு என்ற எண்ணைப் போல ஒரு முடிச்சு. மிச்சமிருக்கும் வாலை இடுப்புவாரின் வளையங்களுக்குள் நுழைத்து, பிறகு அந்த எட்டு போன தடத்திலேயே வாலையும் திரும்ப ஓட்டி, இரட்டை எட்டாக்கி இறுக்க வேண்டும். போட்டுவிட்டால் யானையைக் கட்டலாம். பாதியில் விட்டால் சேமியாவைக்கூடக் கட்ட முடியாது. அதனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: முடிச்சுப் போடுகிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன?

“தம்பி, இதுக்கு என்ன படிச்சிருக்கே?”

பல்லி வாலை வளையத்துக்குள் நுழைத்துக்கொண்டிருந்தான். “பி.காம் அம்மா.”

“பி.காம் படிச்சுட்டா சுவத்துல ஏறறே?”

“அது வந்து...”

“வீட்ல அம்மா ஒண்ணும் சொல்லலையா?”

பல்லியின் விரல்கள் நின்றுவிட்டன. புண் இருந்த இடத்திலேயே விரல் பட்டுவிட்டது போலும். “சொல்றாங்கம்மா. தினமும் சொல்றாங்க. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை.”

“சொல்லத்தான் செய்வாங்க. பொண்ணு பார்க்கறாங்களா?”

“பார்க்கறாங்க. மாப்பிள்ளை என்ன பண்றார்னு கேட்டா, சுவர் ஏறறார்னு சொல்ல வேண்டியிருக்கு. திருடன்னு நினைச்சுக்கறாங்க.”

சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டான். விட்டவன், சட்டையை இடுப்புக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, பிடி வழுக்காமலிருக்கச் சுண்ணப் பொடியில் கையைத் தேய்த்துக்கொண்டான்.

“சரி. செக் பண்ணு.”

ஏறும் முன் இருவரும் ஒருவர் கட்டியிருப்பதை மற்றவர் சோதிக்க வேண்டும். யாராயிருந்தாலும் சரி. மியூட் கையை நீட்டி அவன் இடுப்புவாரின் பக்கிளை இழுத்துப் பார்த்தாள். அடுத்து முடிச்சு. சட்டை நுனியைத் தூக்க விரல் போயிற்று.

“ஏய், என்னடி இது!” அம்மாவின் குரல் பின்மண்டையில் விழுந்தது. “கத்துக்குடுக்கறவரோட சட்டையைத் தூக்கிப் பார்ப்பியா? மரியாதை வேணாம்? அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடப்போகுது?”

விரல் சுட்டதுபோலத் திரும்பி வந்தது. காது மடல் சிவந்துவிட்டது.

“செக் ஓகேயா?” என்றான் பல்லி, பெண் பார்த்த படலத்திலிருந்து இன்னும் முழுதாக மீளாமல்.

மியூட் தலையாட்டினாள்.

ஒரே ஒரு தலையாட்டல். அதில் ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

*

“பிடிச்சிருக்கியா?”

“பிடிச்சிருக்கேன்!”

இந்த முறை குரல் கொஞ்சம் எழும்பியது. பல்லி கட்டைவிரலைக் காட்டினான். “ஏறறேன்.”

“ஏறுங்க.”

ஏறினான். அவன் ஏறுவது அழகு. கால் விரலால் ஒரு பிடியைச் செல்லமாகத் தொடுவான், அடுத்த கணம் அது கீழே போயிருக்கும். மியூட் தளர்ந்து வரும் கயிற்றை இழுத்து இழுத்துப் பிரேக்குக்குள் வாங்கிக்கொண்டே இருந்தாள். மனசுக்குள் ஒரே ஜபம்: ‘விடுவான், பிடிக்கணும். விடுவான், பிடிக்கணும்.’

பக்கத்தில் அம்மா போனில் அப்பாவுக்கு நேரடி வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, ஒரு பையன் ஏறறான். பி.காம். நல்ல பையன். ஆமா... நம்ம வீட்டு மாடியைத் தாண்டிட்டான். இவ கீழ நின்னு கயித்தைப் பிடிச்சிருக்கா... யாரு? இவதாங்க, நம்மவ! ஹலோ? ஹலோ? ஏதாவது பேசுங்களேன்!”

பல்லி ஓர் ஊதாப் பிடிக்காக வலது கையை நீட்டி எக்கினான். சட்டை மேலே ஏறியது.

மியூட் பார்த்தாள்.

இரட்டையாக, தடிமனாக, இறுக்கமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை எட்டு ஒன்று இளித்துக்கொண்டிருந்தது. வளையத்துக்குள் நுழைந்து வெளியே வந்த கயிறு, திரும்பி எங்கும் போகாமல் சும்மா தொங்கியது. பல்லிக்கு வால் இருக்கலாம். பல்லியின் கயிற்றுக்கு இப்படி ஒரு வால் இருக்கவே கூடாது.

ரத்தம் முழுவதும் பாதத்துக்கு இறங்கிவிட்டது. கொசு ஊசி குத்தியிருந்தால் ஒரு சொட்டுகூட வந்திருக்காது.

முதலில் புரிந்தது இது: கயிற்றை இறுக்கக் கூடாது. இறுக்கினால் வால் வளையத்திலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். இழுக்காதே. கற்றதற்கெல்லாம் நேர்மாறாகக் கயிற்றை மெல்லத் தளர்த்தினாள்.

இரண்டாவதாகப் புரிந்தது இன்னும் மோசம்: அவன் எந்த நொடியிலும் கையை விடப் போகிறான். வேண்டுமென்றே. தன்னை இவள் பிடித்துவிடுவாள் என்று நம்பி. தேர்வே அதுதான்.

“அண்ணா,” என்றாள்.

பாட்டு அதை விழுங்கிவிட்டது.

“அண்ணா! நில்லுங்க!”

பாட்டு விழுங்காததை அம்மா விழுங்கினாள். “...ஆமாங்க, இப்ப உச்சிக்கே போயிட்டான். இவ ஏதோ முணுமுணுக்கறா. என்னடி? ஏங்க, லைன்ல இருக்கீங்களா?”

மேலே பல்லி நின்றான். இரண்டு கையையும் ஒரே பெரிய பிடியில் வைத்தான். மியூட்டுக்கு அந்தத் தோரணை தெரியும். விடுவதற்கு முன் தோளைத் தளர்த்துவான்.

தோள் தளர்ந்தது.

“வாயை மூடும்மா!”

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று மியூட்டுக்கே புரியவில்லை. கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்தது. பபிள்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பாட்டின் ஸ்விட்சை அணைத்தாள். அம்மாவின் கையில் இருந்த போனுக்குள் அப்பா, சொந்த விருப்பத்தில், “என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

அந்த நிசப்தத்துக்குள் அடுத்த வாக்கியம் அம்பு மாதிரி ஏறியது. “அண்ணா, கையை விடாதீங்க!”

பல்லி குனிந்து பார்த்துச் சிரித்தான். “அட, குரல் வந்துடுச்சே! பயப்படாதே, நீ பிடிச்சுடுவே...”

“முடிச்சு இல்ல! உங்க முடிச்சு பாதியில நிக்குது! இடுப்பைப் பாருங்க!”

பல்லி இடுப்பைப் பார்த்தான்.

கூரையில் தலைகீழாகத் தொங்கி வாழைப்பழம் தின்றவனின் முகம் அந்த வாழைப்பழத்தின் உள்பக்க நிறத்துக்கு வந்தது. இடது கால் தடதடவென்று தையல் மிஷின் மாதிரி அடிக்கத் தொடங்கியது. ஒரு கையை எடுத்து முடிச்சை நோக்கிக் கொண்டுபோனான்.

“கையை எடுக்காதீங்க! ரெண்டு கையும் சுவத்துல இருக்கட்டும். இறங்கி வாங்க. நான் சொல்றேன்.”

“கால்... கால் வைக்கற இடம் தெரியலை...”

“எனக்குத் தெரியுது. வலது காலை இறக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். மஞ்சள் பிடி, அதான். எடையைப் போடுங்க. இப்ப இடது கை, காதுக்கு நேரா சிவப்பு. வாங்க... வரலாம், வரலாம், வரலாம்... நில்லுங்க!”

அம்மா திறந்த வாயை மூடவில்லை. இடுக்கான சந்தில் பேருந்தைப் பின்னால் எடுக்கும்போது அம்மாவே கொடுக்கும் குரல் அது. அதே ஏற்றம், அதே இழுப்பு. இத்தனை வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. சுவரொட்டி ஒட்டித் தேடாத குறைதான்.

“இடது கால். பச்சை வேணாம், அது சுத்தும். பக்கத்துல சின்னதா நீலம். அதை நம்புங்க. வரலாம், வரலாம்...”

பல்லி இறங்கினான். அங்குலம் அங்குலமாக, முதல் நாள் வந்த ஆளைப் போல, சுவரைக் கட்டிக்கொண்டு. பாதம் தரையைத் தொட்டதும் அப்படியே உட்கார்ந்தான். கயிற்றைத் தொட்டான். அது வளையத்திலிருந்து சத்தமே இல்லாமல் உருவிக்கொண்டு அவன் மடியில் விழுந்தது.

எல்லோரும் அந்த வாலையே பார்த்தார்கள். அம்மாகூட.

*

முதலில் பேசியது பபிள்கம்தான். மேஜையைவிட்டு எழுந்து வந்தாள். “நீ ஃபெயில்,” என்றாள் மியூட்டிடம். “நீயும் ஃபெயில்,” என்றாள் பல்லியிடம். பல்லி மறுபேச்சில்லாமல் தன் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தான்.

அம்மாவுக்கு உயிர் வந்தது.

“இது என்னம்மா நியாயம்? ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கா என் பொண்ணு! அவளுக்கு ஃபெயிலா? யார் உங்க முதலாளி? கூப்பிடு! மாலை போட வேண்டிய இடத்துல...”

“அம்மா,” என்றாள் மியூட்.

“நீ சும்மா இருடி, நான் பேசிக்கறேன்...”

“அம்மா. அவங்க சொல்றதுதான் சரி. முடிச்சை நான் கீழயே பார்த்திருக்கணும். நீ மரியாதை இல்லையான்னு கேட்ட, நான் கையை எடுத்துட்டேன். தப்பு என்னுது. இனிமே எடுக்க மாட்டேன். யார் சட்டையா இருந்தாலும் தூக்கிப் பார்ப்பேன்.”

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள், பயணி யாரோ தப்பான வண்டியில் ஏறிவிட்ட மாதிரி.

மியூட் பபிள்கம் பக்கம் திரும்பினாள். “மறுபடி இப்பவே டெஸ்ட் எடுக்கணும். நீங்க எடுங்க.”

பபிள்கம்மிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. மெல்லுவதை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு யோசித்தாள். “எடுக்கலாம். யார் ஏறுவா?”

எல்லோரும் பல்லியைப் பார்த்தார்கள். “என்னைக் கொன்னாலும் இன்னைக்கு ஏற மாட்டேன். எங்கம்மா சொல்றதுதான் சரி. நான் பேங்க் பரீட்சை எழுதறேன்,” என்றான் அவன் தரையிலிருந்து.

“வேற ஆள் இல்லையே,” என்றாள் பபிள்கம்.

“ஏன், நான் இல்லையா?” என்றாள் அம்மா.

மியூட் திரும்பிப் பார்த்தாள். அம்மா காக்கிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உனக்கு இது...”

“ஓடற பஸ்ல படிக்கும் கம்பிக்கும் நடுவுல வாழறவடி நான். இந்தச் சுவர் எனக்கு எம்மாத்திரம்? கயித்தைக் கொண்டா. உன் பிடி எப்படின்னு நானே பார்த்துக்கறேன். அப்புறம் சொல்றேன் மலைக்கா, பரணுக்கான்னு.”

இடுப்புவாரை மாட்டுவதற்குள் மூவர் தேவைப்பட்டார்கள். பபிள்கம் அம்மாவைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், உள்ளே போய் ஒரு மணல் மூட்டையை இழுத்து வந்து மியூட்டின் இடுப்போடு பிணைத்தாள்.

“இது எதுக்கு?” என்றாள் அம்மா.

“மேல இருக்கறவங்க எடை அதிகம்னா, கீழ பிடிக்கறவங்க பறந்துடுவாங்க. அதுக்குத்தான் மூட்டை.”

“என் எடைக்கு ஒரு மூட்டையா? வேணுமா, பத்துமா?”

“பார்க்கலாம்,” என்றாள் பபிள்கம் சிரிக்காமல்.

மியூட் தானே எட்டைப் போட்டாள். வாலை நுழைத்தாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மியூட் ஒரு விரலைத் தூக்கினாள். அம்மா வாயை அப்படியே வைத்துக்கொண்டாள். தடம் பிடித்து வால் திரும்பி வந்தது. இழுத்தாள். மறுபடி இழுத்தாள். அம்மாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பக்கிளைக் குலுக்கினாள். பிறகு தன்னுடையதை அம்மாவுக்குக் காட்டி, “நீயும் பாரு. நல்லா இழுத்துப் பாரு. யாருன்னு பார்க்காதே,” என்றாள். அம்மா இழுத்த இழுப்பில் மூட்டையும் சேர்ந்து நகர்ந்தது.

“பிடிச்சிருக்கியா?” என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தாள் பபிள்கம். அம்மா கேட்டாள். தெருமுனைவரை கேட்டிருக்கும்.

“பிடிச்சிருக்கேன்!” அதுவும்.

முதல் ஆள் உயரம், சொன்னால் சொன்னபடி, படிக்கட்டு ஏறுவதுபோல ஏறிவிட்டாள். இரண்டாவது ஆள் உயரத்தில் வேகம் குறைந்தது. மூன்றாவதில் நின்றது. நின்றவள் கீழே பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

“ஏய், இறக்குடி.”

“இறக்கறேன். ரெண்டு கையையும் விட்டுட்டு, நாற்காலியில உட்கார்ற மாதிரி பின்னாடி சாயி.”

“கையை விடறதா? பைத்தியமா உனக்கு?”

“விட்டாத்தாம்மா இறக்க முடியும்.”

“விட மாட்டேன். ஏணி கொண்டாங்க. தம்பி, ஏணி இருக்கா?”

“இல்லைம்மா,” என்றான் பல்லி உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஆழ்ந்த அனுதாபத்தோடு.

“சரிடி! போ! மலைக்குப் போ! நாளைக்குப் போ, வாரா வாரம் போ! நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். முதல்ல என்னை இறக்கு!”

மியூட்டுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஒரு கணம் அதை ருசித்துப் பார்த்தாள். ருசி சரியில்லை.

“அது செல்லாதும்மா. கீழ வந்து, உனக்குத் தோணறதைச் சொல்லு. இங்க வேணாம்.”

அம்மா சுவரில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் திருப்பி, கீழே பார்த்தாள். மகள் கயிற்றைப் பிடித்திருந்தாள். கண் அம்மாவைவிட்டு நகரவில்லை. பின்னால் மூட்டை ஒன்று சாட்சி மாதிரி உட்கார்ந்திருந்தது.

“பிடிச்சிருக்கியா?” என்றாள் அம்மா. இந்த முறை ரொம்ப மெதுவாக.

“பிடிச்சிருக்கேன்மா.”

அம்மா ஒரு கையை எடுத்தாள். இன்னொன்றை எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள், வியர்த்த பாதம் பிடியிலிருந்து வழுக்கியது.

“ஐயோ!”

கயிறு விறைத்தது. மியூட் தரையிலிருந்து ஒரு ஜாண் எழும்பினாள்; மூட்டையும் கூடவே எழும்பியது. பிரேக் கவ்வியது. வலது கை கயிற்றை இடுப்புக்குக் கீழே இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. எல்லாம் நின்றது. அம்மா சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, அந்தரத்தில், நாற்காலி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“விழலை,” என்றாள் ஆச்சரியத்துடன்.

“விழலை.”

இன்னொரு சுற்று. இறுகியிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது. முதலில் ஒரு செருமல், பிறகு ஒரு கிளுகிளுப்பு, பிறகு கிடங்கு கொள்ளாத ஒரு சிரிப்பு. மியூட் பிரேக்கைத் தளர்த்தினாள். சிரிப்பு சீராக, குலுங்காமல், தரைக்கு வந்து சேர்ந்தது.

பபிள்கம் இழுப்பறையைத் திறந்து ஒரு நீலப் பட்டையை எடுத்துவந்து, மியூட்டின் மணிக்கட்டில் கட்டினாள். வாழ்த்துச் சொல்லவில்லை. ஒரு பபிள்கம் கொடுத்தாள். அது அதைவிடப் பெரிய விஷயம் என்று பல்லி பிற்பாடு சொன்னான்.

அம்மா முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் போராடிக்கொண்டிருந்தாள். மியூட் போய் அவிழ்த்துவிட்டாள். அம்மா பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள். விசிலைச் சரிசெய்தாள். தொண்டையைக் கனைத்தாள். மியூட் காத்திருந்தாள். பல்லியும், பபிள்கம்மும், போனை இன்னும் வைக்காமல் இருந்த அப்பாவும் காத்திருந்தார்கள்.

“அந்த மலையில பாத்ரூம் இருக்கா?” என்றாள் அம்மா.

“இல்லைம்மா.”

“அப்ப நான் வரலை. நீ மட்டும் போயிட்டு வா.”

“உன்னை யாரும்மா கூப்பிட்டா?”

“ஏன், கூப்பிட்டா குறைஞ்சுடுவியா?” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.